பாதி படித்துவிட்டு எழுதிய தீர்ப்பு

பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் இருக்கும் இங்கிலாந்து அந்துப்பூச்சிப் பாடம் ஒரு மோசடி, அதைப் படித்த தலைமுறைகள் ஏமாற்றப்பட்டன, ஆகவே இயற்கைத் தேர்வுக்கு ஆதாரமே கிடையாது என்று வாதிடும் கட்டுரையைச் சென்ற மாதம் இந்த இதழில் வாசித்தேன். எழுதியவர் படித்தவர். நடை சரளமானது. அறிஞர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. இந்தத் துறையில் பழக்கமில்லாத ஆசிரியர் ஒருவர் அதைப் படித்தால், அடுத்த முறை வகுப்பில் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவார். அந்தக் கவலைதான் இதை எழுத வைக்கிறது.

கட்டுரையாளர் சொல்லியிருப்பவற்றில் சில உண்மைகள் இருக்கின்றன. அவற்றை எந்த ஆண்டோடு நிறுத்திக்கொண்டார் என்பதில்தான் பொய் இருக்கிறது. 1998இல் அறிவியலாளர்களுக்குள்ளேயே கிளம்பிய ஒரு விவாதத்தை எடுத்துக்கொள்கிறார், 2002இல் வந்த ஒரு புத்தகம் வரை போகிறார், அங்கேயே முடித்துவிடுகிறார். அதற்குப் பிறகு நடந்த சோதனைகள், வெளிவந்த முடிவுகள், மனம் மாறிய விமர்சகர்கள் ஆகிய எதுவும் அவர் கட்டுரையில் இல்லை. தெரியாமல் விட்டிருந்தால், இவ்வளவு கனமான குற்றச்சாட்டை எழுதும் தகுதி அவருக்கு இல்லை. தெரிந்தே விட்டிருந்தால், மோசடி என்ற சொல்லை அவர் வேறு யார்மீதும் பயன்படுத்தக் கூடாது.

பூச்சியிலிருந்து தொடங்குவோம். பிஸ்டன் பெட்டுலேரியா இரவில் பறக்கும். பகலில் சிறகுகளைத் தட்டையாக விரித்து மரத்தோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். வழக்கமான வடிவத்துக்கு வெளிறிய சிறகு, அதன்மேல் கறுப்புப் பொடிப்புள்ளிகள். லைக்கன் படர்ந்த பட்டையில் உட்கார்ந்தால் பக்கத்தில் நின்று தேடினாலும் எளிதில் கண்ணில் படாது. 1848இல் மான்செஸ்டரில் முழுக் கறுப்பாக ஒன்று பிடிபட்டது. ஆலைகளின் நிலக்கரிப் புகை லைக்கன்களைக் கொன்று, மரங்களின்மேல் கரியாகப் படிந்துகொண்டிருந்த காலம் அது. 1895 வாக்கில் அந்த ஊரில் இந்த இனத்தின் 98 சதவீதம் கறுப்பாக இருந்தது. அடுத்த ஆண்டே ஜே. டபிள்யூ. டட் என்ற பூச்சியியலாளர், கரி படிந்த மரத்தில் வெளிறிய பூச்சியைப் பறவைகள் எளிதாகக் கண்டு கொத்துவதுதான் காரணமாக இருக்கும் என்று எழுதினார்.

1924இல் ஜே. பி. எஸ். ஹால்டேன் இதற்குக் கணக்குப் போட்டார். ஐம்பது ஆண்டுகளுக்குள் இப்படி ஒரு மாற்றம் நடக்க வேண்டுமென்றால், கறுப்புப் பூச்சி வெளிறியதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சந்ததியை விட்டுச்சென்றிருக்க வேண்டும் என்று வந்தது. அவ்வளவு வலிமையான தேர்வு இயற்கையில் நடக்கும் என்று அப்போது பலரும் நம்பவில்லை. இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை, நமக்கு என்ன என்று கட்டுரையாளர் ஓரிடத்தில் கேட்கிறார். அந்த ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, இந்தியக் குடியுரிமை பெற்று, 1964இல் புவனேஸ்வரத்தில் இறந்தவர் என்பதை அவருக்குச் சொல்லிவைக்கிறேன்.

ஹால்டேனின் கணக்கைக் களத்தில் சோதித்தவர் ஆக்ஸ்ஃபோர்டின் பெர்னார்ட் கெட்டில்வெல். 1953இல் பர்மிங்ஹாம் அருகே புகை படிந்த காட்டில், அடையாளமிட்ட பூச்சிகளைப் பறக்கவிட்டு, இரவில் பொறிவைத்துத் திரும்பப் பிடித்தார். விட்ட 447 கறுப்பில் 123 திரும்பக் கிடைத்தன. 137 வெளிறியவற்றில் 18 மட்டுமே. அதாவது 27.5 சதவீதமும் 13 சதவீதமும். 1955இல் டார்செட்டில், புகை எட்டாத காட்டில் இதையே செய்தபோது முடிவு தலைகீழானது. வெளிறியவை 12.5 சதவீதமும் கறுப்பு 6.3 சதவீதமும் திரும்பின. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற நிக்கோ டின்பெர்கன், பறவைகள் மரத்திலிருந்து பூச்சிகளைக் கொத்துவதை மறைவிலிருந்து படம்பிடித்தார்.

இனி குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன். பாடநூல்களில் வரும் படங்கள் செத்த பூச்சிகளை மரத்தில் ஒட்டி எடுத்தவை என்கிறார் கட்டுரையாளர். பல படங்கள் அப்படித்தான் எடுக்கப்பட்டன. கறுப்பும் வெளிறியதும் ஒரே மரத்தில் அருகருகே உட்கார்வது அபூர்வம். இரண்டின் வேறுபாட்டை ஒரே பார்வையில் காட்ட அப்படி வைத்து எடுத்தார்கள். படத்துக்குக் கீழே அதைக் குறிப்பிட்டிருக்க வேண்டும். குறிப்பிடாதது பாடநூல் எழுதியவர்களின் குறை, அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் கெட்டில்வெல்லின் முடிவு அந்தப் படங்களை நம்பி நிற்கவில்லை. உயிரோடு பறக்கவிட்டு உயிரோடு பிடித்த பூச்சிகளின் எண்ணிக்கையை நம்பி நிற்கிறது. படம் விளக்கத்துக்கு, எண்ணிக்கை ஆதாரத்துக்கு. இந்த வித்தியாசத்தைத் தன் வாசகரிடம் மறைத்துவிட்டுத்தான் அவர் முதல் மூன்று பத்திகளை எழுதியிருக்கிறார்.

கெட்டில்வெல் எண்களைத் திரித்தார் என்பது அடுத்த குற்றச்சாட்டு. 2002இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜூடித் ஹூப்பர் எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்தது இது; கட்டுரையாளர் அந்தப் பெயரைக்கூடச் சொல்லாமல் தன் கண்டுபிடிப்பு போல எழுதுகிறார். கெட்டில்வெல்லின் வழிகாட்டியான ஈ. பி. ஃபோர்ட், திரும்பக் கிடைக்கும் பூச்சிகள் குறைவாக இருப்பதற்கு வருந்தி ஒரு கடிதம் எழுதினாராம். கடிதம் வந்ததும் எண்ணிக்கை ஏறிவிட்டதாம். கடிதத்தின் தேதி 1953 ஜூலை 1. எண்ணிக்கை கூடத் தொடங்கியதும் அதே ஜூலை 1. அன்று எழுதித் தபாலில் போட்ட கடிதம் அன்றே போய்ச் சேர்ந்து ஒருவரைப் பொய்க்கணக்கு எழுத வைக்க முடியாது. தவிர, அந்த நாட்களில் கெட்டில்வெல் பறக்கவிட்ட பூச்சிகளின் எண்ணிக்கையே கூடியிருந்தது. அதிகம் விட்டால் அதிகம் திரும்பும். இறந்துபோன ஒரு மனிதனின் நேர்மையைக் கொச்சைப்படுத்துவதற்கு முன், இரண்டு தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பொறுப்பாவது வேண்டாமா?

உண்மையில் கனமான குற்றச்சாட்டு மூன்றாவது. இந்தப் பூச்சிகள் பகலில் அடிமரத்தில் உட்காருவதே இல்லை, அறிவியலாளர்களே இதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்பது. 1998இல் கேம்பிரிட்ஜின் மைக்கேல் மஜெரஸ் எழுதிய புத்தகத்தையும், அதற்கு ஜெர்ரி கோய்ன் ‘நேச்சர்’ இதழில் எழுதிய மதிப்புரையையும் இதற்குச் சான்றாகக் காட்டுகிறார். இங்கே நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் கட்டுரையின் முழு பலமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது, அதன் முழு அநியாயமும் இங்கேதான் இருக்கிறது.

மஜெரஸ் கெட்டில்வெல்லின் முறையில் குறைகள் இருப்பதாக எழுதியது உண்மை. கெட்டில்வெல் பூச்சிகளைப் பகலில் விட்டார். அவை தாமாகத் தேர்ந்த இடத்தில் உட்காராமல் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தன. ஒரே இடத்தில் வழக்கத்துக்கு மீறிய நெருக்கத்தில் பூச்சிகள் இருந்தன. இவ்வளவையும் பட்டியலிட்ட மஜெரஸ், பறவைகள்தான் முக்கியக் காரணம் என்ற அடிப்படை முடிவு சரி என்றும் அதே புத்தகத்தில் எழுதினார். கோய்ன் மட்டும் மதிப்புரையில் ஒரு படி மேலே போய், நன்கு புரிந்துகொள்ளப்பட்ட உதாரணமாக இதை இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார். பரிணாமத்தை எதிர்ப்பவர்கள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஜோனதன் வெல்ஸ் 2000இல் வெளியிட்ட புத்தகத்தில் இதற்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கினார். நம் கட்டுரையாளர் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதைத் தமிழில் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்.

மஜெரஸ் அப்போது என்ன செய்தார்? தன் வாக்கியங்களைத் திரித்தவர்களுக்குச் சொல்லால் மட்டும் பதில் தரவில்லை. தான் சுட்டிக்காட்டிய ஒவ்வொரு குறையையும் நீக்கிய சோதனை ஒன்றைத் தானே தொடங்கினார். கேம்பிரிட்ஜ்ஷயரில் ஒரு கிராமத் தோட்டம். கிளைகளைச் சுற்றி வலையால் உறை போட்டு, அதற்குள் இரவில் பூச்சிகளை விட்டார். இரவெல்லாம் அவை தமக்குப் பிடித்த இடத்தைத் தேடி உட்கார்ந்துகொண்டன. விடிவதற்குள் வலையை எடுத்துவிட்டு, நான்கு மணி நேரம் கழித்துப் போய் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தார். பூச்சிகள் நெருக்கமில்லாமல் விடப்பட்டன. கறுப்பும் வெளிறியதும் அந்தப் பகுதியில் இயல்பாக இருக்கும் விகிதத்தில் இருந்தன. எந்தப் பறவை கொத்துகிறது என்று தொலைநோக்கி வழியே தானே பார்த்துக் குறித்துக்கொண்டார். ஒன்பது வகைப் பறவைகள் பதிவாயின. இப்படி ஆறு ஆண்டுகள், 4,864 பூச்சிகள். இந்த வகையில் அதுவரை யாரும் செய்யாத அளவு பெரிய சோதனை. இரவில் வௌவால்கள் ஒரு நிறத்தை மட்டும் அதிகம் தின்கின்றனவோ என்ற சந்தேகத்தையும் தனியாகச் சோதித்தார். வௌவால்கள் நிறம் பார்க்கவில்லை.

அடிமரத்தில் உட்காருவதே இல்லை என்ற கூற்று என்னவாயிற்று? தோட்டத்து மரங்களில் ஏறி, இயல்பாக உட்கார்ந்திருந்த 135 பூச்சிகளின் இடத்தை மஜெரஸ் குறித்தார். பாதிக்குச் சற்று மேல் கிளைகளில். 35 சதவீதத்துக்குச் சற்று மேல் அடிமரத்தில். மீதி சுள்ளிகளில். ‘உட்காருவதே இல்லை’ என்று கட்டுரையாளர் தடித்த எழுத்தில் போட்டிருக்கும் இடத்தில், மூன்றில் ஒன்றுக்கு மேல் உட்கார்ந்திருக்கின்றன. கிளையிலும் அதே லைக்கனும் பட்டையும்தான். நிறம் பொருந்துவதும் பொருந்தாததும் அங்கும் நடக்கிறது.

மஜெரஸ் சோதனை நடத்திய காலத்தில் காற்று சுத்தமாகி, மரங்கள் பழைய நிறத்துக்கு வந்துவிட்டிருந்தன. எனவே கறுப்புப் பூச்சிகள்தான் அதிகம் அகப்பட வேண்டும். அப்படித்தான் அகப்பட்டன. ஒரு நாளில் கறுப்பு பிழைக்கும் வாய்ப்பு, வெளிறியதைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அந்த வேகம், பிரிட்டனில் கறுப்பு வடிவம் குறைந்துவந்த வேகத்தை விளக்கப் போதுமானது. 2007இல் ஸ்வீடனில் நடந்த மாநாட்டில் இதை அறிவித்தார். முழுமையாக எழுதி வெளியிடுவதற்குள், 2009இல் இறந்துபோனார். அவருடைய தரவுகளை லாரன்ஸ் குக், புரூஸ் கிராண்ட், இலிக் சக்கெரி, ஜேம்ஸ் மாலெட் என்ற நால்வர் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள்.

கோய்ன் அதே 2012இல், தன் ஐயங்கள் தீர்ந்துவிட்டன, இந்த உதாரணம் உறுதியானது என்று பகிரங்கமாக எழுதினார். கட்டுரையாளர் 1998இன் கோய்னை இரண்டு முறை மேற்கோள் காட்டுகிறார். 2012இன் கோய்னை ஒரு முறையும் காட்டவில்லை. ஒருவர் சொன்ன சந்தேகத்தை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, அவரே சந்தேகம் தீர்ந்தது என்று சொன்னதை விழுங்கிவிடுவதற்கு நம் ஊரில் நேர்மை என்று யாரும் பெயர் வைப்பதில்லை. தான் எழுதிய விமர்சனத்தைச் சோதிக்க வாழ்க்கையின் கடைசி ஆண்டுகளைச் செலவிட்ட மஜெரஸையே மோசடிக்குச் சாட்சியாக நிறுத்துவது, படிக்கிற எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

கெட்டில்வெல்லுக்கும் மஜெரஸுக்கும் இடையில் வேறு யாரும் இல்லை என்பது போலவும் கட்டுரை எழுதப்பட்டிருக்கிறது. அறுபதுகளிலிருந்து எண்பதுகள் வரை பலர் வெவ்வேறு ஊர்களில் இதைச் சோதித்தார்கள். கிழக்கு இங்கிலாந்தில் கறுப்பின் விகிதம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்தது. அதையும் ஆராய்ந்தவர்களே அச்சில் எழுதினார்கள். இவர்களில் சிரில் கிளார்க்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லிவர்பூல் மருத்துவர். 1956இல் பிரிட்டனில் சுத்தமான காற்றுச் சட்டம் வந்தது. 1959இல் அருகிலுள்ள கால்டியில் தன் வீட்டில் பொறிவைத்துப் பூச்சிகளை எண்ணத் தொடங்கினார். தொடக்கத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கறுப்பு. விடாமல் எண்ணிக்கொண்டே வந்தார். 1994இல் அது 20 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், மிச்சிகனில் இந்த இனத்தின் அமெரிக்க வடிவத்தையும் பார்த்திருக்கிறார்கள். அங்கும் 1960ஐ ஒட்டி 90 சதவீதத்துக்கு மேல் இருந்த கறுப்பு, காற்று சுத்தமான பிறகு தொண்ணூறுகளில் 20 சதவீதம் அளவுக்கு இறங்கியிருந்தது. பர்மிங்ஹாமில் ஒருவர் கணக்கைத் திரித்தார் என்றே வைத்துக்கொள்வோம். மிச்சிகன் பூச்சிகள் எதற்காக அந்தப் பொய்க்கு ஒத்துப்போக வேண்டும்?

இதெல்லாம் பயனற்ற ஆராய்ச்சி என்றும் கட்டுரையாளர் எழுதியிருப்பதால் கிளார்க்கைப் பற்றி இன்னொன்று. அவரும் ஃபிலிப் ஷெப்பர்டும் பட்டாம்பூச்சிகளை வளர்த்து, கலப்பு செய்து, சிறகு நிறங்கள் எப்படிப் பரம்பரையாக வருகின்றன என்று பார்த்தவர்கள். நம் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் முட்டையிடும் பாப்பிலியோ பாலிட்டஸும் அவர்கள் ஆராய்ந்தவற்றில் ஒன்று. அதன் பெண்பூச்சிகளில் ஒரு வகை, பறவைகள் தின்னாத வேறொரு பட்டாம்பூச்சியின் தோற்றத்தைக் கொண்டிருக்கும். அந்த நிறங்களின் மரபியலுக்கும் மனித இரத்தத்தின் ஆர்ஹெச் வகைக்கும் இருந்த ஒற்றுமைதான் கிளார்க்கை ஆர்ஹெச் பிரச்சினைக்கு இழுத்துச் சென்றது. அவர் குழு, ஆர்ஹெச் நெகட்டிவ் தாய்மாரின் குழந்தைகளைக் கொன்றுவந்த நோயைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை உருவாக்கிய குழுக்களில் ஒன்று. இன்று நம் மகப்பேறு மருத்துவமனைகளில் பிரசவம் முடிந்த பெண்ணுக்கு ‘ஆன்டி-டி போட்டாச்சா?’ என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் பூச்சி எண்ணிய ஒரு மனிதர் இருக்கிறார். பயனற்றது என்று எழுதுவதற்கு முன் இதையெல்லாம் விசாரித்திருக்க வேண்டும்.

சரி, எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும், கடைசியில் அந்துப்பூச்சி அந்துப்பூச்சியாகத்தானே இருக்கிறது, புதிதாக எதுவும் உருவாகவில்லையே, இருந்த இரண்டு நிறங்களின் விகிதம்தானே மாறியது? கட்டுரையாளர் தன் கடைசி ஆயுதமாக வைத்திருப்பது இது.

புதிதாக உருவானது என்ன என்று 2016இல் தெரிந்துவிட்டது. சக்கெரியின் லிவர்பூல் குழு அந்தப் பூச்சியின் மரபணுத்தொகுதியைத் தேடி, கறுப்புக்குக் காரணமான இடத்தைக் கண்டுபிடித்தது. கார்டெக்ஸ் என்ற மரபணுவுக்குள், இடம்விட்டு இடம் தாவக்கூடிய டிஎன்ஏ துண்டு ஒன்று வந்து செருகிக்கொண்டிருந்தது. நீளம் ஏறத்தாழ 22,000 எழுத்துகள். வெளிறிய பூச்சிகளில் அந்தத் துண்டு அந்த இடத்தில் இல்லை. சுற்றியுள்ள டிஎன்ஏவில் சேர்ந்திருக்கும் மாறுபாடுகளை வைத்து அது எப்போது நுழைந்தது என்றும் கணக்கிட்டார்கள். 1819ஐ ஒட்டி என்று வந்தது. ஆலைகள் பெருகிய காலம். முதல் கறுப்புப் பூச்சி கண்ணில் படுவதற்கு முப்பது ஆண்டுகள் முன். முன்பு இல்லாத ஒன்று ஒரு பூச்சியில் தோன்றி, சந்ததிக்குப் போய், பறவைகளின் அலகு வழியே சலிக்கப்பட்டு, ஒரு நகரத்தின் பூச்சிகள் ஏறக்குறைய முழுவதையும் பிடித்துக்கொண்டது. புதியது வேண்டும் என்று கேட்டவருக்கு இதைவிடத் துல்லியமான விடை எந்தத் துறையிலும் கிடைக்காது.

2024இல் இன்னொரு ஆய்வு, பட்டாம்பூச்சிகளிலும் அந்துப்பூச்சிகளிலும் கறுப்பைத் தீர்மானிப்பது கார்டெக்ஸ் புரதம் அல்ல, அதன் பக்கத்திலிருந்து உருவாகும் மிகச் சிறிய ஆர்என்ஏ என்று காட்டியது. பழைய விளக்கம் அந்த அளவுக்குத் திருத்தப்பட்டது. இதைப் பார்த்து, பாருங்கள், மறுபடியும் மாற்றிவிட்டார்கள் என்று அவர் அடுத்த கட்டுரை எழுதக்கூடும். திருத்தியது யார் என்று அப்போது வாசகர்கள் கேட்கட்டும். 1953இன் குறையைக் கண்டதும், சரிசெய்ததும், 2016இன் விளக்கத்தைக் கூர்மையாக்கியதும் இந்தத் துறைக்குள் வேலை செய்தவர்கள். இதை மோசடி என்றவர்கள் இத்தனை ஆண்டுகளில் ஒரு பொறியை வைத்து ஒரு பூச்சியைக்கூட எண்ணவில்லை.

அந்துப்பூச்சி வேறு உயிரினமாக மாறவில்லையே என்ற கேள்விக்கும் நேராகப் பதில் சொல்கிறேன். இந்த இனத்துக்கு ஆண்டுக்கு ஒரு தலைமுறை. 1819இலிருந்து இன்றுவரை இருநூறு தலைமுறைதான். இருநூறு தலைமுறையில் ஒரு அந்துப்பூச்சி வேறொன்றாக மாறும் என்று டார்வின் சொல்லவில்லை, அவருக்குப் பின் வந்த எவரும் சொல்லவில்லை. அப்படி மாறியிருந்தால்தான் கோட்பாடு தவறாகிப் போயிருக்கும். கோட்பாடு எதை நடக்காது என்கிறதோ அதை நடத்திக் காட்டச் சொல்லிவிட்டு, நடக்கவில்லை என்று வெற்றி கொண்டாடுவது வாதம் ஆகாது. 2018இல் மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை என்று வாதிட்டதும் இதே தவறுதான். கட்டுரையாளர் அவரைவிட நன்றாக எழுதுகிறார், அவ்வளவே.

தேவைக்கேற்ப உயிரினம் தன்னையே மாற்றிக்கொள்கிறது, இதில் தேர்வு எங்கே வந்தது என்றும் கேட்டிருக்கிறார். இதுவும் நூறு ஆண்டுப் பழைய யோசனை. 1920களில் ஹெஸ்லப் ஹாரிசன், இலைகளில் படியும் உலோக உப்புகளைத் தின்பதால் புழுக்கள் கறுப்புப் பூச்சிகளாகின்றன என்றார். மற்றவர்கள் அதே சோதனையைச் செய்தபோது அப்படி நடக்கவில்லை. கலப்பு செய்து பார்த்தால் கறுப்பு மெண்டலின் விதிப்படி ஓங்கு பண்பாக இறங்குகிறது; புகையே காணாத கூண்டிலும் இறங்குகிறது. தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும் திறன் இந்த இனத்தில் வேறு பருவத்தில் இருக்கிறது. சுள்ளியைப் போலவே நீட்டிக்கொண்டு நிற்கும் இதன் புழு, தான் இருக்கும் குச்சியின் நிறத்துக்குத் தன் நிறத்தை மெல்ல மாற்றிக்கொள்ளும். கண்களைச் சாயம் பூசி மறைத்த பிறகும் மாற்றிக்கொள்கிறது, தோலாலேயே நிறத்தை உணர்கிறது என்று 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆனால் அந்தப் புழுவின் பச்சையும் பழுப்பும் சந்ததிக்குப் போவதில்லை. வளர்ந்த பூச்சியின் கறுப்பு போகிறது. ஒரே உயிரில் இரண்டும் இருக்க, இரண்டையும் பிரித்துப் பார்க்கும் சோதனைகளும் இருக்க, இவர் இரண்டையும் குழப்பி ஒன்றாக்கிவிட்டார்.

ஒவ்வொரு உயிரும் தன் இடத்துக்கு அச்சாகப் பொருந்தியிருப்பதே அது திட்டமிட்டுச் செய்யப்பட்டது என்பதற்குச் சான்று என்று முடிக்கிறார். எந்த ஆண்டின் இடத்துக்கு? 1840இன் மான்செஸ்டருக்கு வெளிறிய நிறம் பொருந்தியது. 1895இல் அது சாவாக மாறியது. 1895இல் காப்பாற்றிய கறுப்பு, இன்று அதே ஊரில் சாகடிக்கிறது. நடுவில் செத்த பூச்சிகளின் கணக்குதான் அந்தப் பொருத்தம். தகவமைப்பு என்பது எப்போதும் கடந்த தலைமுறைகள் பட்ட அடிக்கு வந்த விடை. நாளைய சூழலை அது அறியாது. சூழல் மாறும்போது பொருத்தமில்லாதவை சாகின்றன, பொருத்தமானவை ஏற்கெனவே கூட்டத்தில் இருந்தால் பெருகுகின்றன, இல்லாவிட்டால் இனமே அழிகிறது. இதை மாணவனுக்குச் சொல்லாமல், எல்லாம் அழகாகப் பொருந்தியிருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பருத்திக் காடுகளே சாட்சி.

பிடி பருத்தி இந்தியாவில் 2002இல் அனுமதிக்கப்பட்டது. காய்ப்புழுவைக் கொல்லும் பாக்டீரிய நச்சைச் செடியே தயாரிக்கும். இளஞ்சிவப்புக் காய்ப்புழுக்களில் அந்த நச்சைத் தாங்கும் மரபணு கொண்டவை மிக அரிதாக முன்பே இருக்கும் என்பதும், வயல் முழுக்க இதே பருத்தியை நட்டால் அவை மட்டுமே பிழைத்துப் பெருகும் என்பதும் முன்கூட்டியே தெரிந்த விஷயம். அதற்காகத்தான் 450 கிராம் பிடி விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் ஒரு பொட்டலமாகக் கொடுத்தார்கள். வயலைச் சுற்றி அதை நட்டால், நச்சைத் தாங்காத புழுக்களும் அங்கே பிழைக்கும். அவை தாங்கும் புழுக்களோடு கலந்து, எதிர்ப்பு பரவுவதைத் தாமதப்படுத்தும். பெரும்பாலான விவசாயிகள் அந்தப் பொட்டலத்தை நடவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. விலை கொடுத்து வாங்கிய நிலத்தில் புழுவுக்கு எதற்கு இடம் விட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் விளக்கவில்லை. 2010இல் குஜராத்தின் நான்கு மாவட்டங்களில் புழு எதிர்ப்புப் பெற்றுவிட்டதை விதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. இரண்டு நச்சுகள் கொண்ட அடுத்த விதையும் சில ஆண்டுகளில் தோற்றது. 2017இல் மகாராஷ்டிரத்தில் காய்ப்புழு பருத்தியைச் சூறையாடியது. அதே பருவத்தில் யவத்மாலில் பூச்சிமருந்து அடித்த விவசாயிகளும் கூலியாட்களும் விஷமேறிச் செத்தார்கள். கள்ள விதை, நீண்ட பயிர்க்காலம் என்று வேறு காரணங்களும் இதில் உண்டு. ஆனால் அமெரிக்காவில் சாதாரணப் பருத்தியை ஒதுக்கி நட்டு, பிறகு மலட்டுப் பூச்சிகளை வானிலிருந்து விட்டு, அதே இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிக்கப்பட்டதாக 2018இல் அறிவித்தார்கள். அங்கே இயற்கைத் தேர்வு ஒரு பாடமாக இருந்தது, திட்டமாகவும் இருந்தது.

2023இல் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்துவிட்டது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டுவிடும் பிள்ளைகள்தான் இந்நாட்டில் அதிகம். அவர்களில் பலர் விவசாயம் பார்க்கப்போகிறவர்கள், மருந்துக்கடையில் நிற்கப்போகிறவர்கள், ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பாதியில் நிறுத்தப்போகிறவர்கள். இப்போது கட்டுரையாளர் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்தும் எடுக்கச் சொல்கிறார்.

எடுக்கக் கூடாது. சேர்க்க வேண்டும். அந்துப்பூச்சிப் படத்துக்குக் கீழே, இது விளக்கத்துக்காக ஏற்பாடு செய்து எடுத்த படம் என்று ஒரு வரி வேண்டும். கெட்டில்வெல்லோடு மஜெரஸின் தோட்டமும், 2016இன் டிஎன்ஏ துண்டும், நம் பருத்திக் காய்ப்புழுவும் அதே பாடத்தில் வர வேண்டும். இந்த இதழின் ஆசிரியருக்கும் ஒரு கோரிக்கை: ஜெர்ரி கோய்ன் 2012இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டார் என்ற திருத்தத்தை, அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியிடுங்கள். எழுதியவர் அதற்கு மறுப்புச் சொல்ல விரும்பினால், 4,864 பூச்சிகளின் தரவு எல்லோரும் பார்க்கும்படி வெளியாகியிருக்கிறது. அதில் எந்த எண் தவறு என்று காட்டட்டும்.